பதினோராம் பக்கம், மூன்றாவது பத்தி

முதலில் தெரிந்தது தலைதான். இடது காதுக்கு மேலே கிளம்பி வழுக்கையைக் கடந்து வலது காதுவரை போய்ச் சேர்ந்த ஏழெட்டு முடி, அதைப் படிய வைத்த தேங்காய் எண்ணெய், எண்ணெயில் பட்டுத் தெறித்த பதினோரு மணி வெயில். அடுக்களை ஜன்னலுக்கு நேர்கீழே, சந்தில், சுவரோடு ஒட்டிக் கிடந்த ஒரு முழம் நிழலுக்குள் தன்னைச் செருகிக்கொண்டு நின்றார் பிரமநாயகம். செண்பகவல்லி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் சத்தம் வரும். வாசல் கிரில் கேட்டில் வெளிப்பக்கமாகப் பூட்டுத் தொங்குகிறதே, அதைப் பார்த்தபிறகும் இந்த மனிதன் எதற்காகச் சந்துக்குள் வருகிறான்? பூட்டியது அவள் வீட்டுக்காரர் சிதம்பரநாதன்; பூட்டச் சொன்னது இவள். காலையில் அவர் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ உள்ள இருக்கும்போது நான் வெளிய பூட்டிட்டுப் போனா பாக்கவன் என்ன நெனைப்பான்?" என்றார். "பொண்டாட்டியக் கொடுமைப்படுத்துதான்னு நெனைப்பான். நெனைச்சிட்டுப் போட்டும். பூட்டுங்க." பூட்டினார். மூன்று நாளில் இந்த ஆளிடமிருந்து பத்தொன்பது போன் வந்தால் வேறு என்ன செய்வது? முதல் நாள் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் அவரை எடுக்கவைத்து, தென்காசியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லவைத்தாள். சொன்னவர் அதோடு நிறுத்தினாரா? எப்போது வருவாள் என்று தெரியாது, இரண்டு நாளும் ஆகலாம் இரண்டு வாரமும் ஆகலாம் என்று இழுத்தார். சடங்கு வீட்டில் எவள் இரண்டு வாரம் உட்கார்ந்திருப்பாள்? பொய் சொல்லத் தெரியாத மனிதனைக் கட்டிக்கொண்டால் வீட்டுக்கு வேண்டிய பொய்யை எல்லாம் நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இழுவையைக் கேட்டுத்தான் இந்த ஆளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். இல்லை, சந்தேகத்தோடுதான் போனே பண்ணியிருப்பான். சந்தேகம் இல்லாதவன் பத்தொன்பது தடவை கூப்பிடுவானா?

எழுதிக்கொடுப்பது அவள் வேலை. யாராவது இறந்தால் பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் ஒரு நினைவு மலர் அச்சடித்து, பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வருகிறவர்களிடம் கொடுப்பார்கள். அட்டையில் படம், உள்ளே இரண்டு தேவாரம், மிச்சப் பக்கத்தில் செத்தவரின் வாழ்க்கை. அந்த வாழ்க்கைதான் இவள் பொறுப்பு. மாமனார் போனபோது வீட்டு ஆண்கள் யாரும் பேனாவைத் தொடாததால் எரிச்சலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். அச்சாபீஸ் செல்லையா அண்ணாச்சி படித்துவிட்டு, "யம்மா, செத்தவரு எந்திரிச்சு வந்த மாதிரில்லா இருக்கு" என்றார். மாமனார் எழுந்து வருவதில் அவளுக்குப் பெரிய விருப்பம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொல் காதில் இனித்தது. எட்டு வருடமாக அண்ணாச்சி ஆள் அனுப்புகிறார். எட்டு வருடத்தில் ஆளைப் பார்க்கக்கூட வேண்டாம், போனில் முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும், இவன் தொல்லை என்று. 'சின்ன வேலைதான் மேடம்' என்று ஆரம்பித்தால் அவன் மருமகன். பதினாறு பக்கத்தில் பத்து அவன் படமாக இருக்க வேண்டும் என்பான். எம் பையனே எழுதிருவான், அவனுக்கு நேரமில்ல என்கிறவனுக்கு, பையனுக்கு நேரம் வரும்வரை காத்திருக்கலாமே என்பாள். தான் சொல்லச் சொல்ல எழுதினால் போதும் என்ற ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரிடம் தனக்குக் கைவலி என்றாள். சொத்துப் பேச்சு முடியாத இரண்டு அக்கா தங்கைகள், யார் பெயர் முன்னால் வருவது என்பதற்கே நாலு தடவை வந்து போனவர்கள், அவர்களுக்காக வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி வாசலில் வேப்பிலைக் கொத்தே செருகிவைத்தாள். ஒரு வாரம் பால்காரன் எட்டி நின்று பால் ஊற்றினான். அப்படி எல்லாம் தப்பித்தவள் இந்த ஆளிடம் எப்படி மாட்டினாள்? வந்த அன்றைக்குக் குடையை மடக்கி, தண்ணீர் சொட்டக்கூடாது என்று வெளியிலேயே சாய்த்து வைத்துவிட்டு வந்தார். செருப்பை ஜோடியாகச் சேர்த்து வைத்தார். அதில் ஏமாந்தாள். உட்கார்ந்து, ஒரு தாளை நீட்டினார். நாலு வரி. சொர்ணவடிவு, பிறந்தது ஆழ்வார்குறிச்சி, பிள்ளைகள் இல்லை, மாரடைப்பு. "வேற ஏதாவது சொல்லுங்களேன். அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" "எல்லாம் பிடிக்கும் மேடம்." "கோபம் வருமா?" "வராது." "பாட்டு ஏதாவது முணுமுணுப்பாங்களா?" அதற்கு அவர் மின்விசிறியைப் பார்த்தார். சுற்றுகிற மின்விசிறியில் பதில் எழுதியிருப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தெரியலையே" என்றார். சர்வேயர் வேலை, மாதத்தில் இருபது நாள் வெளியூர் கேம்ப் என்றார். அவளுக்கு இருந்த ஒரே தங்கச்சியும் போன ஐப்பசியில் போய்விட்டாள் என்றார். "நீங்க பாத்து எழுதுங்க. உங்களுக்குத் தெரியாததா?" அங்கேயே எழுந்திருக்க வேண்டும் இவள். நீங்க பாத்து எழுதுங்க என்கிறவனைவிட ஆபத்தானவன் இந்தத் தொழிலில் கிடையாது. ஒன்றும் தரமாட்டான். எழுதி முடித்தபிறகுதான் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வரும்.

வந்துவிட்டது ஞாபகம். இல்லாவிட்டால் இந்த வெயிலில், அந்தக் கக்கத்தில் என்ன அது, மஞ்சள் பை, பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது மலர். கூடவே சுருட்டிய பெரிய தாள் ஒன்று. நோட்டீஸா? வக்கீல் நோட்டீஸ் இவ்வளவு பெரிதாக இருக்காது. போஸ்டரா? ஒட்டப்போகிறாரா சந்தில்? பைத்தியக்காரி, சர்வேயர் போஸ்டர் ஒட்டுவாரா. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. எந்தக் கோணத்தில் யோசித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து இடிக்கிறது: பதினோராம் பக்கம், மூன்றாவது பத்தி. பத்துப் பக்கத்தை அந்த நாலு வரியை வைத்து இழுத்துவிட்டாள். ஆழ்வார்குறிச்சியின் வளம் இரண்டு பக்கம், பெண்மையின் பொறுமை மூன்று பக்கம், சிவபக்தி, விருந்தோம்பல். பதினோராம் பக்கத்தில் அரைப்பக்கம் காலி. அண்ணாச்சி போனில் கத்திக்கொண்டிருந்தார், மிஷின் நிற்கிறது என்று. அப்போதுதான், வேண்டாம் வேண்டாம் என்று ஒரு கை தடுக்கத் தடுக்க இன்னொரு கை மூன்று வருடத்துக்கு முன்னால் இவளே எழுதிய ஆவுடையம்மாள் மலரைப் பரணிலிருந்து எடுத்தது. அதிலிருந்து ஒரு பத்தி. பிற்பகல் நான்கு மணிக்குக் கையில் காப்பித் தம்ளரோடு புறவாசல் நிலையில் சாய்ந்து நின்று தெருமுனையைப் பார்த்திருப்பது அன்னையாரின் வழக்கம். யாருக்காக இந்தக் காத்திருப்பு என்று கேட்டால் பதில் சொல்லாமல் சிரிப்பார். பள்ளி விட்டு வரும் நால்வரின் காலடி ஓசையே அவருக்கான பதில். அன்னையாரை அம்மையார் ஆக்கினாள். பிள்ளைகள் இல்லாத வீடு, அதனால் கடைசி வாக்கியத்தை அடித்தாள். மூன்று நிமிட வேலை. கான்வென்டில் சிஸ்டர் கான்சீலியா எல்லாப் பாவத்துக்கும் அளவு வைத்திருந்தார். பொய் சொன்னால் பெஞ்சில் நிற்பது, பார்த்து எழுதினால் வராந்தாவில் முழங்கால். ஏழாம் வகுப்பில் பார்த்து எழுதியது ரோஸ்லின், காட்டியது இவள். இரண்டு பேரும் ஒரே வெயிலில் முழங்கால் போட்டார்கள். "இரண்டுபேர் விடையும் ஒன்றுபோல இருந்தால் ஒருத்தி பொய்" என்றார் சிஸ்டர். இரண்டு செத்துப்போனவர்கள் ஒன்றுபோல இருந்தால்?

யார் சொல்லியிருப்பார்கள்? பதினாறுக்கு வந்த கூட்டத்தில் ஆவுடையம்மாள் வீட்டு ஆள் எவனாவது இருந்திருப்பான். இல்லையென்றால் அச்சாபீஸில் அச்சுக் கோக்கிறவன். இல்லையென்றால் அந்தப் புலவர், வெண்பாவில் இரங்கல் எழுதி நாலு வீடு பிடித்துக்கொண்டிருந்தவர், இவள் வந்தபிறகு ஒரு வீடும் கூப்பிடவில்லை என்று அண்ணாச்சியிடம் அழுதவர், அவர் இரண்டு மலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பார், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து. நாளைக்கு ஊர் கேட்கும், பாளையங்கோட்டையில் செத்துப்போகிற பொம்பளை எல்லாம் ஒருத்திதானா என்று. அண்ணாச்சி போனை எடுக்கமாட்டார். எட்டு வருடமாகத்தான் மளிகைக் கடையில் 'எழுதுற மேடம்'. அதற்கு முன்னால் இருபது வருடம் 'சிதம்பரநாதன் சார் வீட்டம்மா'. ஒரு அரைப்பக்கத்துக்காகத் திரும்பவும் சார் வீட்டம்மா ஆகிவிடுவாளோ? அப்போது அடுப்பில் குக்கர் மூச்சுவிட ஆரம்பித்தது. சாம்பார். இரண்டு சத்தம் வந்துவிட்டது, இவர் சந்துக்குள் வருவதற்கு முன்னால். மூன்றாவதுக்கு வெயிட் லேசாக ஆடுகிறது. கால்விரல் நுனியில் நடந்து அடுப்பைத் திருகி அணைத்தாள். டிக் என்றது. தலை அசைந்ததா? அசையவில்லை. ஒரு ஈ அந்த ஏழெட்டு முடியில் உட்கார்ந்து எழுந்தது. போய்த்தொலையேன். உனக்கு வீடு வாசல் இல்லையா? இல்லை, வாசலில் யாரும் இல்லை. சீ, அதை ஏன் நினைக்கிறாள். கீழே அவர் சட்டைப்பையைத் தடவினார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஐயோ. போன். மேடையில், எவர்சில்வர் தட்டுமேல் இவள் வைத்த போன், சத்தத்தை அணைத்தாள், அதிர்வதை அணைக்கவில்லை, 'சர்வேயர் எடுக்காதே' என்ற பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு தட்டோடு சேர்ந்து டர்ர்ர் என்று நடுங்கி நகர்ந்து தம்ளரில் போய் மோதியது.

தலை மேலே திரும்பியது. ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் அவள் சுவரோடு சுவராக ஒட்டினாள்.

"மேடம்."

மூச்சை அடக்கினாள்.

"மேடம், உள்ள இருக்கியளா?"

இல்லை. இல்லாதவள் எப்படி இல்லை என்று சொல்வாள்.

"சார் நீங்க தென்காசில இருக்கியன்னு சொன்னாவ. சாம்பார் வாசம் வருது."

"அது பக்கத்து வீட்டுச் சாம்பார்" என்றாள் செண்பகவல்லி. சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. ஐம்பத்தொரு வயது, பி.ஏ. ஆங்கில இலக்கியம். தலையில் அடித்துக்கொள்ள ஓங்கிய கையில் இன்னும் கரண்டி.

கீழே சிரிக்கிறாரோ? "சரி மேடம்" என்றார், சிரிக்காமல். "வெளிய பூட்டிக் கெடக்கே. சார் மறந்து பூட்டிட்டுப் போயிட்டாவளா?"

"மறதி ஜாஸ்தி அவருக்கு."

"கதவெல்லாம் தொறக்க வேண்டாம். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். பதினோராம் பக்கம், மூணாவது பத்தி."

ஆக, வந்துவிட்டது. ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். ஒளிந்து என்ன ஆகப்போகிறது. மேலே இருந்து பார்க்க அவர் முகம் சின்னதாக இருந்தது, நாலு நாள் வெள்ளைத் தாடி, கண்ணுக்குக் கீழே பை. மலரைப் பிரித்து அவள் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார். பத்திக்குக் கீழே பென்சில் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, முடி அளவு மெலிசு. அவள் வாய்க்குள் பதிலை அடுக்கினாள். எல்லா அம்மாவும் ஒரே மாதிரிதானே சார். சம்பிரதாயமான வாக்கியம் சார். அந்த மலரில் பார்த்துத்தான் இதை எழுதினேன் என்று எவன் சொன்னான், வரச்சொல்லுங்க.

"இத உங்ககிட்ட யாரு சொன்னா மேடம்?"

"எது?"

"அவ நின்னது."

புரியவில்லை. பொறி வைக்கிறாரா? தெரிந்துகொண்டே கேட்கிற கேள்வியா, சிஸ்டர் கேட்பதுபோல? அவர் மலரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்தச் சுருட்டிய தாளைப் பிரித்தார். போஸ்டர் இல்லை, நோட்டீஸ் இல்லை. வரைபடம். ஒரு வீடு, புறவாசல், ஒரு கிணறு, ஒரு தொழுவம், தெரு. தெருவுக்கு எதிரே ஒரு மாடி; புறவாசலிலிருந்து அதுவரை பென்சிலில் ஒரு கோடு, அம்புக்குறிகள்.

"நான் நாப்பது வருசம் கோடு போட்டவன் மேடம். பேப்பர்ல ஒரு கோடு இருந்தா தரையில அதுக்கு ஒரு கல்லு இருக்கணும். முந்தாநேத்து சாயங்காலம் நாலு மணிக்கு நானே காப்பியப் போட்டு எடுத்துக்கிட்டு எங்க பொறவாசல்ல போய் நின்னேன். தெருமொன தெரியல. கோனார் வீட்டுத் தொழுவம் மறைக்கி. அது எங்க கல்யாணத்துக்கு முந்தியே உள்ள தொழுவம். பெறகு நீங்க எழுதியிருக்கியள்லா, நெலையில சாஞ்சுன்னு, அதனால இப்படிச் சாஞ்சு பாத்தேன்." சந்தில் நின்று சாய்ந்தே காட்டினார், ஒரு கையில் இல்லாத தம்ளரோடு. "சாஞ்சா ஒண்ணே ஒண்ணு தெரியுது. எதுத்தாப்புல ஒரு மாடி. இப்ப செல்போன் கடை குடோன். அப்ப டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். நடத்துனவன் ஞானதுரை. கல்யாணம் ஆகாதவன். மூணு மணி பேட்சு நாலு மணிக்கு முடியும். முடிஞ்சதும் கைப்பிடிச் செவுத்துல வந்து நிப்பான்."

"சார்..."

"யாருக்காகக் காத்திருக்கன்னு கேட்டா பதில் சொல்லாமச் சிரிப்பாளாம். கேட்டது யாரு மேடம்? நான் கேக்கல. நான் கேம்ப்ல இருந்தேன்."

செண்பகவல்லி அடித்த அந்த ஒரு வாக்கியம், நால்வரின் காலடி, அதை எடுத்ததும் மிச்சம் இருந்தது என்ன? ஒருத்தி நிற்கிறாள், பார்க்கிறாள், சிரிக்கிறாள், யாருக்கு என்று சொல்லமாட்டேன் என்கிறாள். இதையா எழுதினாள்? எழுதி, முந்நூறு பிரதி அடித்து, பந்தி முடிந்தவன் கையில் எல்லாம் கொடுத்து? திருட்டுப் போன பத்தியைத் தேடித்தான் இவர் வந்திருக்கிறார் என்று மூன்று நாளாகப் பயந்தாளே, இவர் வந்தது செத்துப்போன பெண்டாட்டியைத் தேடி. "அவ தங்கச்சி சொன்னாளா? இல்ல, மேலவீட்டுப் பகவதியா? அவதான் எப்பவும் பொறவாசல் பக்கம் கெடப்பா. யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் அவங்ககிட்டக் கேட்டுக்கிடுதேன், உங்க பேரு வராது." உங்க பேரு வராது. அவரே வழி காட்டுகிறார். தங்கச்சி என்று சொன்னால் போதும். அந்தத் தங்கச்சியும் போன ஐப்பசியில் செத்துவிட்டாள் என்று அவரேதான் அன்றைக்குச் சொன்னார், மறந்துவிட்டாரா, சோதிக்கிறாரா? யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? ஒரு சொல். தென்காசி என்று சொன்னதுபோல, அம்மை என்று சொன்னதுபோல. பத்தி இவளுடையதாகவே இருக்கும், எழுதுற மேடம் எழுதுற மேடமாகவே இருப்பாள். சொல்லேன். ஏன் வாய் வரவில்லை?

"நேத்துப் பூராவும் அவ பீரோவ எறக்கிப் பாத்தேன்" என்றார் பிரமநாயகம், வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே. "ஒவ்வொரு சேலையா உதறினேன். ஒரு சீட்டுக் கெடைக்கல. ஒண்ணுமே கெடைக்கலன்னா அதுதான் மேடம் சந்தேகமா இருக்கு. படத்த எறக்கித் திருப்பி வச்சிட்டேன். வெளக்கு வைக்க மனசு வரல."

"நான்தான் எழுதினேன்" என்றாள். "யாரும் சொல்லல. கற்பனை."

"கற்பனைன்னா?"

"கற்பனைன்னா இல்லாதது. பக்கம் காலியா இருந்துச்சு, எழுதினேன். உங்க வீட்டம்மா எங்கயும் நிக்கல, யாரையும் பாக்கல."

அவர் தலையை ஆட்டினார், கேள்விப்பட்டதுதான் என்பதுபோல. "பொம்பளைக்குப் பொம்பள விட்டுக்குடுக்க மாட்டியன்னு தெரியும் மேடம். பூட்டின வீட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு, இல்லாத சாம்பாருக்குச் சாட்சி சொல்லுதியளே. ஒண்ணும் இல்லன்னா மூணு நாளா எதுக்கு ஒளியணும்?"

வேண்டும் இவளுக்கு. மூன்று நாளும் இவள் அவருக்குப் பயந்து ஒளிந்தது, ஒவ்வொரு எடுக்காத போனும், அவர் கணக்கில் ஞானதுரைக்குச் சாட்சியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார். நம்பவைக்க ஒரு பொருள்தான் இந்த வீட்டில் இருக்கிறது. மறுபடி பரணில் போடாமல் பழைய பேப்பர் அடுக்குக்கு அடியில் சொருகிவைத்தது. அடுத்த வாரம் எடைக்குப் போட்டிருப்பாள். எரித்துவிடச் சொன்னது புத்தி, கைக்குச் சோம்பல். இப்போது அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நடு அறையில் நின்றாள். அட்டையில் ஆவுடையம்மாள், கண்ணாடி போட்டுக்கொண்டு, யார் என்னவென்று கேட்காத முகம். இதைக் கம்பி வழியாக நீட்டினால் தீர்ந்தது. இதோடு அவர் நேரே அச்சாபீஸுக்குப் போகலாம். போகமாட்டார் என்று என்ன நிச்சயம்? கோடு போட்டே வாழ்ந்த மனிதன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலை எடுத்துவிட்டால்? புலவர் சிரிப்பார். மளிகைக் கடையில், சார் வீட்டம்மா, மல்லி அரைக்கிலோவா என்பார்கள். வேண்டாம், தங்கச்சி என்று சொல்லிவிடு. அங்கே ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள், விளக்கில்லாமல், மூன்று நிமிட வேலைக்காக. சொர்ணவடிவு. என்ன பிடிக்கும் என்று புருஷனுக்குத் தெரியாத சொர்ணவடிவு. அவளுக்கு ஞானதுரையைப் பிடித்திருந்தால்தான் என்ன? இருந்திருந்தாலும் அது அவள் சம்பாதித்ததாக இருந்திருக்கும். இது இவள் சுமத்தியது. நடந்தாள். கம்பிக்கு இடையே நீட்டினாள்.

"ஏழாம் பக்கம்" என்றாள். "ரெண்டாவது பத்தி."

அவர் எட்டி வாங்கினார். மஞ்சள் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, இரண்டு மலரையும் ஒரு கையில் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, விரலை வைத்து வரி வரியாக, இதில் ஒரு வரி அதில் ஒரு வரி என்று போனார். செண்பகவல்லி அவர் முகத்தைப் பார்க்காமல் அந்த விரலைப் பார்த்தாள். நின்றது. திரும்ப முதலில் இருந்து போனது. சந்து முனையில் ஒரு சைக்கிள்காரன் மணியடித்து, இவரைச் சுற்றி ஒதுங்கிப் போனான்.

"இது வேற வீடு" என்றார்.

"ஆமா."

"இதுல பிள்ளைங்க வருது."

"உங்க வீட்டுல இல்லன்னு அந்த வரிய அடிச்சிட்டேன். அடிச்சா என்ன அர்த்தம் வரும்னு பாக்கல. தப்பு என்னோடது சார். அவங்களோடது இல்ல."

அவர் ஆவுடையம்மாளின் அட்டைப் படத்தைத் திருப்பிப் பார்த்தார். நம்பிவிட்டார் என்று தோளைப் பார்த்ததும் தெரிந்தது, இறங்கியது. ஆனால் முகத்தில் இவள் எதிர்பார்த்த நிம்மதி இல்லை. ஏதோ தொலைந்தவர்போல நின்றார்.

"அப்ப இந்த அம்மாதான் நின்னவங்க."

ஆமா என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு பங்கு வெட்கமாவது குறையும். "அவங்களும் நிக்கல" என்றாள். "நாலு பிள்ளைங்களும் வந்து உக்காந்து, எங்கம்மா ரொம்ப நல்லவங்க மேடம்னாங்க. அம்புட்டுத்தான். நீங்களாவது நாலு வரி கொண்டாந்தீங்க."

"அவங்களும் நிக்கல, இவளும் நிக்கல." பிரமநாயகம் நிமிர்ந்து பார்த்தார். கேலி இல்லை, கோபம் இல்லை. கல்லைத் தேடுகிறவனின் கண். "அப்ப யாருதான் மேடம் நின்னா?"

இந்த ஆளை விரட்டலாம். போதும் சார், வெயில் ஏறுது, போங்க என்று சொல்லலாம். அதற்கு மட்டும் இவளுக்குச் சொல் பஞ்சம் வந்ததே கிடையாது. இதை யாரும் இவளிடம் கேட்டதில்லை; கேட்டிருந்தால் வாயை மூடு என்றிருப்பாள். கரண்டியை இப்போதுதான் மேடையில் வைத்தாள். சத்தம் வந்தது, வரட்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த புறக்கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினாள். மேல் தாழ், கீழ்த் தாழ், நடுக்கொண்டி. கதவு சந்தில் திறந்தது, மூன்று படிக்கு மேலே. நிலையில் நின்றாள்.

"நான்தான்" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் நின்ற நிலையைப் பார்த்தார். படியேறவில்லை, அந்த இடத்திலேயே திரும்பி நின்று அவள் பார்க்கிற திசையில் பார்த்தார். இடதுபக்கம் ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார், வலதுபக்கம் ஒரு அடி. இதையும் வரையப் போகிறான் இந்த மனிதன், மாலை வந்து சிதம்பரநாதனிடம் பிரித்துக் காட்டப் போகிறான் என்று அவளுக்கு ஒரு நொடி திக்கென்றது.

"இங்கேருந்தும் தெருமொன தெரியாதே" என்றார்.

"தெரியாது."

"எதுத்த வீட்டுச் செவுருதான் தெரியுது."

"ஆமா. செவுருதான்."

"பெறகு எதுக்கு நிப்பிய?"

"காப்பி ஆறுறதுக்குள்ள குடிச்சிட்டு உள்ள போயிருவேன் சார்."

பிரமநாயகம் கொஞ்ச நேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். காரை பெயர்ந்த சுவர். பிறகு கீழ்ப்படியில் உட்கார்ந்து, தாளை முழங்கால்மேல் விரித்து, ஓரங்களைக் கையால் நீவினார்.

"ரப்பர் இருக்கா மேடம்?"

"எதுக்கு?"

மேசை டிராயரில் கிடந்ததை எடுத்துவந்து நீட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, புறவாசலுக்கும் மாடிக்கும் நடுவில் இருந்த கோட்டை மாடிப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாக, தாள் கசங்காமல், அழித்துக்கொண்டே வந்தார். நிலையின் அருகில் வந்ததும் நிறுத்தினார். தூளை ஊதினார்.

"அப்ப நாலு மணிக்கு அவ என்னதான் செஞ்சிருப்பா?" என்று கேட்டார்.